சூரமங்கலத்தில் கடைந்த ஷாஃப்ட், ஃபிஜியில் ஓடும் பம்பு

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் பட்டறை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்த ஷாஃப்ட் (சுழல் தண்டு) ஒன்று இப்போது பசிபிக் பெருங்கடலில் ஒரு பாய்மரப் படகின் எஞ்சினோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. நீளம் 142 மி.மீ., ஒரு சாண்கூட இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் பம்புகளுக்கும் விசைத்தறிகளுக்கும் ஆண்டுக்கணக்காக ஷாஃப்ட் கடைந்து கொடுத்த பட்டறைதான் எங்களுடையது. ஆனால் கண்ணால் பார்க்காத, கையால் தொடாத ஒரு பம்புக்குப் போனிலேயே அளவு வாங்கிக் கடைந்தது இதுவே முதல் முறை. இதே நிலைமை வேறு யாருக்காவது வரலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் அக்கா மகன் 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் உதவியாளனாக இருக்கிறான். படகின் உரிமையாளர்கள் வயதான கணவன் மனைவி. பனாமா கால்வாயைக் கடந்து, கலாபகஸ், மார்க்கெசாஸ், டஹிடி, டோங்கா வழியாக ஃபிஜி வரை வந்துவிட்டார்கள். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே வருகிற பாதை இது. பாயில்தான் பயணம் என்றாலும் பவளப் பாறைகளுக்கு நடுவே நுழைவதற்கும் துறையில் கட்டுவதற்கும் எஞ்சின் கட்டாயம் வேண்டும். நவம்பரில் அந்தப் பக்கம் புயல் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் பழுதைச் சரிசெய்து கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடியோடுதான் வுடா படகுத்துறையில் நின்றிருந்தார்கள்.

வுடா, ஃபிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் மேற்குக் கரையில், நாடிக்கும் லவுடோகாவுக்கும் இடையில் இருக்கிறது. கரையைக் குடைந்து வட்டமாகத் தோண்டிய குளம் போன்ற துறை அது. கடலிலிருந்து ஒரு குறுகிய கால்வாய் வழியாகத்தான் உள்ளே வர முடியும். படகுகள் எல்லாம் சுற்றுச் சுவரைப் பார்த்தபடி வட்டமாகக் கட்டப்பட்டிருக்கும். புயல் காலத்தில் விட்டுப் போகும் படகுகளுக்காகத் தரையில் நீண்ட குழிகள் வெட்டி, அடிப்பகுதியை அதற்குள் இறக்கி வைக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். காற்று படகைச் சாய்க்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. நான் அந்தப் படத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

பழுதுக்கு வருகிறேன். எஞ்சின் மூன்று சிலிண்டர் டீசல். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினின் வெப்பமாற்றிக்கு அனுப்ப பெல்ட்டில் ஓடும் சிறிய வெண்கலப் பம்பு. அதற்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ஆறு இதழ் கொண்ட ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர். எஞ்சின் சூடு ஏறுகிறது, புகைக்குழாய் வழியாக வெளியே வரும் தண்ணீர் குறைந்துவிட்டது என்பதுதான் அவன் சொன்ன முதல் செய்தி. வடிகட்டியைத் திறந்து பார்த்தால் கடற்பாசி. சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை. அடுத்து இம்பெல்லர். ஒரு இதழ் பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த துண்டைத் தேடாமல் புதிய இம்பெல்லரைப் போட்டு மூடிவிடக் கூடாது. அது தண்ணீரோடு போய் எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும். குழாயைக் கழற்றி வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருந்த ரப்பரை இடுக்கியால் எடுத்தான். தண்ணீர் கொஞ்சம் கூடியது. ஆனால் பம்பின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது.

அந்தச் சொட்டு வந்த இடம்தான் நோயைக் காட்டிக்கொடுத்தது. ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்து கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். இந்த வகைப் பம்பில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் பக்கம் ஒரு சீல், இரண்டுக்கும் நடுவே அடியில் ஒரு சிறிய துளை இருக்கும். தண்ணீர்ப் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கசிவு பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியே வெளியே விழ வேண்டும். துளையில் சொட்டு விழுந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். பெயின்ட் அடிக்கும்போது பலரும் இந்தத் துளையை அடைத்துவிடுவார்கள். இந்தப் பம்பில் பாதி அடைந்து இருந்தது.

ஃபிஜி நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஆறு மணிக்கு அவன் கருவிப்பெட்டியைத் திறந்தால் சேலத்தில் பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில்தான் வீடியோவில் பேசினோம். பம்பைக் கழற்றும்போது மூடியின் திருகு ஒன்று தலை ஒடிந்து கையோடு வந்தது. ஒடிந்த இடத்தைக் கேமராவின் அருகே காட்டச் சொன்னேன். பித்தளையின் மஞ்சள் நிறம் இல்லை, செம்பு போல இளஞ்சிவப்பாகப் பொரபொரவென்று இருந்தது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும். திருகு பார்வைக்கு முழுசாக இருக்கும், வலு இருக்காது.

ஷாஃப்ட் வெளியே வந்தபோது காரணம் முழுதாகத் தெரிந்தது. தண்ணீர்ப் பக்கத்தில் போட்டிருந்தது சாதாரண ஆயில் சீல். சீலின் உதட்டை ஷாஃப்ட்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே வளையமாக ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். சாதாரண சீலில் அது இரும்புக் கம்பி. உப்புநீரில் துருப்பிடித்து இற்றுப்போய்விட்டது. அழுத்தம் போனதும் கசிவு வந்தது. துருத்தூள் ரப்பர் உதட்டில் ஏறி எமரி போல வேலை செய்து ஷாஃப்ட்டில் ஒரு பள்ளம் அறுத்தது. பாதி அடைந்த துளையில் வடிந்தது போக மீதித் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைப் பழுப்புக் களிம்பாக்கியது. வழியில் ஏதோ ஒரு துறையில் யாரோ மாற்றிக் கொடுத்த சீல் அது. கடல்நீருக்கென்றே துருவேறாத ஸ்பிரிங் வைத்த சீல் அதே அளவில் கிடைக்கிறது. விலையில் சில ரூபாய்தான் வித்தியாசம்.

“நகத்தை வைத்து இழுத்துப் பார், மாட்டுகிறதா?” என்றேன். “நன்றாக மாட்டுகிறது மாமா” என்றான். நகம் மாட்டும் பள்ளத்தில் புதிய சீல் போட்டுப் பயனில்லை.

புதிய பம்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் மிக அதிகம். லவுடோகா சர்க்கரை ஆலை நகரம் என்பதால் நல்ல பட்டறைகள் உண்டு. ஆனால் கரும்பு அரவைக் காலத்தில் அவர்களுக்கு ஆலை வேலையே தலைக்கு மேல் இருந்தது. தேய்ந்த இடத்தின்மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறை அந்த அளவில் அங்கே கிடைக்கவில்லை. தற்காலிகமாக ஒரு காரியம் செய்தோம். சீல் உட்காரும் குழிக்குள் சீலுக்குப் பின்னால் 1.5 மி.மீ. தடிமனில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வெட்டிப் போட்டு, சீலின் உதடு பள்ளத்தை விட்டுத் தள்ளிப் புது இடத்தில் உட்காரும்படி செய்தோம். பேரிங்கில் ஆட்டம் இருந்ததால் கசிவு முழுவதும் நிற்கவில்லை. இருந்தாலும் துறைக்குள் படகை இடம் மாற்ற அது போதுமாக இருந்தது. பேரிங் நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்த வளையத்தோடேயே ஒரு பருவம் ஓட்டியிருக்கலாம்.

இனி ஷாஃப்ட். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது கடைவதில் அல்ல, அளவு வாங்குவதில்தான். அவனிடம் அளவெடுக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர் இருந்தது, அதைவிட நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லை. உப்புக் காற்றில் கிடந்த வெர்னியரை எவ்வளவு நம்புவது? பேரிங் உட்காரும் இடத்தில் 0.02 மி.மீ. தவறினாலே ஒன்று லொடலொடக்கும், இல்லையென்றால் ஏறவே ஏறாது.

இதற்கு வழி பேரிங்கிலேயே இருந்தது. அவன் கழற்றிய பேரிங்கின் எண் 6202. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. எந்த நாட்டில் வாங்கினாலும் இதே அளவுதான். உள்விட்டம் 15.000க்குக் கூடாது, 0.008க்கு மேல் குறையவும் கூடாது என்பது தர விதி. ஆக அவனிடம் ஒரு 6202, என்னிடம் ஒரு 6202 இருந்தால் எங்கள் இருவரிடமும் ஒரே அளவுகோல் இருக்கிறது. லவுடோகாவில் புதிய பேரிங் ஒன்று வாங்கச் சொன்னேன். முதலில் வெர்னியரின் வாயை மூடிப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்தான். பிறகு பேரிங்கின் வெளிவிட்டத்தைப் பலமுறை அளந்தான். 35.05, 35.06 என்றே வந்தது. உள்விட்டம், அகலம் அளந்தபோதும் வித்தியாசம் தெரிந்தது. எந்த வாயில் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டோம். அதன்பிறகு ஷாஃப்ட்டில் அவன் சொன்ன ஒவ்வொரு அளவிலும் அந்த வித்தியாசத்தைக் கழித்தேன்.

பேரிங் இடத்துக்கு வெர்னியரை நம்பவே இல்லை. அங்கே 6202 ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 15.00க்கு மேல் 0.005 முதல் 0.010 வரை என்று நானே முடிவு செய்தேன். சீல் உட்காரும் பகுதியையும் இப்படியே சீலை வைத்துத் தீர்மானித்தோம். பழைய சீலின் முதுகில் 12 என்ற எண் அழியாமல் இருந்தது, ஷாஃப்ட்டில் தேயாத ஓரம் 11.97 காட்டியது. ஆகவே 12. பெல்ட் சக்கரம் மாட்டும் முனை 14, சக்கரம் வழுக்காமல் இருக்க அதில் 5 மி.மீ. சாவித் துண்டுக்கு ஒரு பள்ளம்.

நீளங்களில்தான் கவனம் அதிகம் தேவைப்பட்டது. பேரிங் முட்டி நிற்கும் படியான தோளிலிருந்து இம்பெல்லர் முனை வரையுள்ள தூரம் கூடினால் முனை மூடியில் உரசும். படத்தை வைத்து நீளம் எடுக்கக் கூடாது. கேமரா சற்றுச் சாய்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். ஆகவே எல்லா நீளங்களையும் ஒரே முனையிலிருந்து அளக்கச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை அளந்து கூட்டினால் ஒவ்வொன்றின் தவறும் சேர்ந்துகொள்ளும். அவன் ஒரு தாளில் ஷாஃப்ட்டை வரைந்து எண்களை எழுதி அனுப்பினான். நான் அதைத் திரும்ப வரைந்து அனுப்பி, என் தாளைப் பார்த்து அவனை மறுபடி அளக்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் அளவு மாறியது. இந்த ஒரு சுற்றுக்காக இன்னொரு நாள் பகல் முழுவதும் போனாலும் தகும்.

உலோகம் 316 வகைத் துருவேறா எஃகு. சமையலறைப் பாத்திரத்துக்கு வரும் 304 நன்னீருக்குப் போதும், கடல்நீரில் அதற்குப் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. குழி விழுவதைத் தடுப்பது அதுதான். சேலத்தில் உருக்காலை இருக்கும்போது என்ன கவலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நமது உருக்காலை தருவது தகடும் சுருளும்தான். கம்பி செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வாங்கினேன், 20 மி.மீ. விட்டத்தில் அரை மீட்டர். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 316 என்று நம்பக் கூடாது. 304இலும் காந்தம் ஒட்டாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறிய பிறகே பணம் கொடுத்தேன்.

கடைவதில் 316 ஒரு பிடிவாதமான உலோகம். கருவி வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு கருவிதான் தேயும். எங்கள் பழைய லேத்தில் நிமிடத்துக்கு 700 சுற்று, ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. நகர்வு, வெட்டு ஆழம் 0.3க்குக் குறையாமல், குளிர்நீரை நிறுத்தாமல் ஓட்டினோம். லேத்தின் பிடியான சக்கில் பிடித்துத் திருப்பிப் போட்டுக் கடையாமல் இரண்டு முனையிலும் மையத் துளை போட்டு மையங்களுக்கு நடுவே வைத்துக் கடைந்தோம். எல்லா விட்டங்களும் ஒரே அச்சில் வர இதுதான் வழி. தோள்களின் மூலையில் கூர்மை வைக்காமல் சிறிய வளைவு கொடுத்தோம். கூர் மூலையில்தான் ஷாஃப்ட் ஒடியும்.

சீல் உட்காரும் 12 மி.மீ. பகுதியை முதலில் லேத்திலேயே எமரி தாள் பிடித்துப் பளபளவென்று மெருகேற்றினோம். கண்ணாடியாக இருந்தது. அனுப்புவதற்கு முன் சோதிக்க ஒரு சிறிய ஏற்பாடு செய்தேன். பிவிசி மூடி ஒன்றில் சீலை அழுத்திப் பொருத்தி, அதற்குள் உப்புநீர் நிரப்பி, ஷாஃப்ட்டைத் துளையிடும் இயந்திரத்தில் மாட்டி 1,400 சுற்றில் ஓட்டினோம். லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு, கடலில் இருக்கும் அளவுதான். மூடியோடு இணைத்த குழாயை 3 மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம், உள்ளே சிறிது அழுத்தம் இருப்பதற்காக.

பத்து நிமிடத்தில் சீலின் வெளிப்புறம் ஈரமானது. சீலை மாற்றினாலும் அப்படியே. பிறகு இயந்திரத்தை எதிர்த்திசையில் ஓட்டினோம், ஈரம் நின்றது. அதிலேயே விடை கிடைத்துவிட்டது. உருப்பெருக்கியில் பார்த்தால் எமரி தாளைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே தேய்த்ததில் திருகின் மரை போலச் சாய்ந்த மெல்லிய கோடுகள். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அந்தக் கோடுகள் தண்ணீரைச் சீலுக்கு அடியில் இழுத்து வெளியே தள்ளுகின்றன. பளபளப்பு இருந்தால் போதாது, கோடுகளின் திசையும் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்த ஷாஃப்ட்டில் அந்த இடத்தில் 0.2 மி.மீ. கூடுதலாக விட்டுக் கடைந்து சாணைக் கல்லால் தேய்த்துத் தரும் கிரைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே இறக்கி மட்டும் தேய்த்துக் கொடுக்கச் சொன்னேன். அதே சோதனையில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டோம். சீலின்மேல் ஒட்டி வைத்திருந்த டிஷ்யூ தாள் நனையவில்லை. முதல் ஷாஃப்ட்டில் கிரைண்டிங்குக்கு இடமில்லாததால் அதை ஒதுக்கிவிட்டு, மீதிக் கம்பியில் இன்னொன்றைச் செய்து கிரைண்ட் செய்து உதிரியாகச் சேர்த்தேன்.

பொட்டலத்தில் போனவை இரண்டு ஷாஃப்ட், நான்கு பேரிங், துருவேறாத ஸ்பிரிங் வைத்த சீல்கள், 316 திருகுகள், ஷாஃப்ட்டின்மேல் இரண்டு சீலுக்கும் நடுவே மாட்டும் ரப்பர் வளையங்கள். சீல் என்றாவது கசிந்தாலும் அந்த வளையம் தண்ணீரை உதறித் துளைப் பக்கம் தள்ளும், பேரிங் பக்கம் ஊர்ந்து போக விடாது. பயணத்தில் இருக்கும் வெளிநாட்டுப் படகுக்கான உதிரிபாகம் என்று விவரச்சீட்டில் படகின் பெயரோடு எழுதும்படி படகுத்துறை அலுவலகத்தில் அவனிடம் சொல்லியிருந்தார்கள், அப்படியே எழுதினேன். சுங்கத்தில் பெரிய தாமதம் இல்லை.

பேரிங்குகளை அழுத்திப் பொருத்த லவுடோகாவில் ஒரு பட்டறைப் பெரியவர் தம் பிரஸ்ஸைக் கொடுத்து உதவியிருக்கிறார். அவருடைய பாட்டனார் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவராம். 1903 தொடங்கி 1916 வரை நம் பக்கத்து மக்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படிக் கொண்டுபோனார்கள். பெரியவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் வேலை முடிந்ததும் கூலி வாங்காமல், நாடியில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்குப் போய்விட்டுக் கப்பலேறு என்று இவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இதைக் கேட்டு என் அக்கா அழுதுவிட்டாள். அந்தப் பெரியவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

பொருத்தும்போது ஷாஃப்ட்டை இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்து, பேரிங்கை வெயிலில் வைத்தான். மிக லேசான அழுத்தத்தில் ஏறியது. சீலை நுழைக்கும்போது ஷாஃப்ட் முனையின் ஓரம் உதட்டைக் கீறிவிடும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் வழுக்கி இறக்கினான். மூடித் தகட்டின் உட்புறம் இம்பெல்லர் உரசி வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதைத் திருப்பி, வழவழப்பான பின்பக்கத்தை உட்புறமாக்கினோம். அதற்குமுன் கண்ணாடிமேல் 400 எண் எமரி தாளை விரித்து அதில் தேய்த்துச் சமப்படுத்தினான். மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் 0.25 மி.மீ. காகிதம். கசியாது என்று தடிமனாகப் போட்டால் இம்பெல்லர் பக்கத்தில் இடைவெளி விழுந்து பம்பு தண்ணீரை இழுக்காது.

எஞ்சினை 1,500 சுற்றில் வைத்து வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்தான். அரை நிமிடத்துக்கு 9 லிட்டர். பழுதின்போது ஐந்தரை லிட்டர்தான் வந்தது. துளைக்குக் கீழே விரித்த தாள் உலர்ந்தே இருந்தது.

செலவு: கம்பி 480 ரூபாய், கிரைண்டிங் இரண்டுக்கும் 500, பேரிங் நான்கும் 620, சீல், திருகு, வளையம் எல்லாம் சேர்த்து 1,150, கூரியர் 5,900. பட்டறைக் கூலியை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து லேத்தில் ஒன்றரை நாள் வேலை.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். அளவு கேட்பதற்கு முன்பே பேரிங்கையும் சீலையும் இருபுறமும் வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். சீல் உட்காரும் இடத்துக்கு எமரி தாளைக் கையிலேயே எடுக்க மாட்டேன். ஷாஃப்ட்டோடு சேர்த்து மூடித் தகட்டையும் இங்கேயே 316இல் வெட்டி அனுப்பியிருக்க வேண்டும். நான்கு திருகுத் துளையும் ஒரு வட்டமும்தான், உருக்காலைத் தகடே போதும், கூரியரில் எடையும் பெரிதாகக் கூடியிருக்காது. திருப்பிப் போட்ட தகட்டுக்கு இனி மூன்றாவது பக்கம் இல்லை. தகட்டின் மேல் தாளை வைத்துத் துளைகளின் இடத்தைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, அதன் பக்கத்தில் அளவுகோலாக ஒரு 6202 பேரிங்கையும் வைத்துப் படம் அனுப்பும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.